கப்பலில் போன தோஷம்

அச்சுத்தைப் பற்றி இப்போது சின்னக் காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்கிறார்கள். தங்கமான பிள்ளை, என்ன குரல், என்ன ஞாபகம் என்கிறார்கள். இருபத்தைந்து வயதில் மஞ்சள் காமாலை வந்து ஒருவன் போய்ச் சேர்ந்துவிட்டால் அவனைப் பற்றி இப்படிப் பெருந்தன்மையாகப் பேச வசதியாக இருக்கிறது. இதே வாய்கள்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவன் கோயில் கோஷ்டியில் நிற்கலாமா கூடாதா என்று ஒரு மத்தியானம் முழுக்க விசாரித்தன. விசாரணைக்கு நடுவில் சுண்டல் விநியோகமும் நடந்தது.

அவன் செய்த குற்றம், கப்பலில் போனது.

பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது அவருக்கு முன்னால் வரிசை வரிசையாக நடந்து பாசுரம் சேவித்துக்கொண்டு போகிற ஆண்களைத்தான் கோஷ்டி என்பார்கள். முதல் வரிசை பாட்டை எடுத்துக் கொடுக்கும். பின்வரிசைகள் வாங்கிச் சொல்லும். அச்சுத் ஏழு வயதில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நடக்க ஆரம்பித்தான். தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அந்த அப்பா, யார் சொன்னதற்கும் சரி என்று சொல்லியே காலத்தைத் தள்ளியவர். அவர் கடைசி வரை கடைசி வரிசையிலேயே இருந்தார். பிள்ளை மட்டும் வருஷத்துக்கு வருஷம் முன்னால் நகர்ந்து, கல்லூரியில் சேர்ந்த சமயத்தில் முதல் வரிசையின் வலது கோடிக்கு வந்துவிட்டான். அந்த இடத்துக்காகத்தான் குடுமி வைத்திருந்தான். அந்த இடத்துக்காகத்தான் தினம் காலையில் பல் தேய்த்த கையோடு பாட்டு சொல்லி, சமையலறையில் இருந்த அம்மா பூமாவுக்கும் பாதியை மனப்பாடமாக்கிவிட்டான். வேறு எதிலும் அவனுக்குப் பெரிய பிடிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. பௌதிகம் படித்தது கூட அந்த வகுப்பில்தான் இடம் கிடைத்தது என்பதால்தான்.

அவனுக்கு ஒரு குறை உண்டு. நாக்கு. சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது வகுப்பில் எல்லோரும் குடுமி, குடுமி என்று கூப்பிட்டார்கள். "உள்ள இருக்கறது வெளியில தெரியாதவாளுக்கு வெளியில இருக்கறதுதான் தெரியும்" என்பான். சொன்னதில் பாதிப் பேருக்கு அர்த்தம் புரியாது. ஆனால் திட்டுகிறான் என்று மட்டும் புரியும்.

அந்த வகுப்பில் அவனோடு சண்டை போடாமல் பழகியவன் உதயகுமார் ஒருவன்தான். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்த நமச்சிவாயத்தின் பையன். இரண்டு பேரும் காஞ்சிபுரத்தில் ஒரே பஸ் ஏறி ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். அவன் இவனை "சாமி" என்பான், இவன் அவனை "முதலியாரே" என்பான்.

2007ஆம் வருஷம் பொங்கல் கழிந்ததும் கல்லூரிப் பலகையில் ஒரு அறிவிப்பு வந்தது. சுனாமி வந்து ஊரை அடித்துக்கொண்டு போன பிறகுதான் எல்லோருக்கும் கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்ற கவலை வந்திருந்தது. வங்காள விரிகுடாவின் தரையில் சில கருவிகளை இறக்கி வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை அழுத்தத்தை வைத்து ஓயாமல் அளந்துகொண்டிருப்பதுதான் அவற்றின் வேலை. அவற்றை வருஷத்துக்கு ஒரு தரம் மேலே கொண்டுவந்து, பாட்டரி மாற்றி, துடைத்து, திரும்ப இறக்க வேண்டும். அதற்குப் போகிற ஆராய்ச்சிக் கப்பலில் சில மாணவர்களையும் அழைத்துப் போவதாக அறிவிப்பு சொன்னது. தகுதி அடிப்படையில் தேர்வு என்று போட்டிருந்தார்கள். தகுதி உள்ளவர்களின் அம்மாக்கள் எல்லாம் கடல் என்றதும் அழ ஆரம்பித்துவிட்டதால் தேர்வு அச்சுத்துக்கும் உதயகுமாருக்கும் வந்து சேர்ந்தது.

பிள்ளையார்பாளையத்தில் பேனர் வைத்துவிட்டார்கள். "வங்கக் கடலின் அடியில் ஆராய்ச்சி செய்யச் செல்லும் எங்கள் சிங்கமே" என்று எழுதி, ஒரு நீர்மூழ்கிக் கப்பல், ஒரு திமிங்கிலம், கூலிங் கிளாஸ் போட்ட உதயகுமார். திமிங்கிலம் அவனைவிடப் பெரிதாக இல்லை. அதைப் பார்த்த நமச்சிவாயத்துக்குப் பயம் வந்துவிட்டது.

"டேய், அடியிலனு போட்டுக்கிறாங்களே. உள்ள முழுகச் சொல்வாங்களாடா?"

"ஐயோ, இல்லப்பா. மேலதான் இருப்போம். கீழ மிஷினுதான் இருக்குது."

"மிஷினை ஏன்டா அவ்ளோ ஆழத்துல போட்டாங்க? கரையில வச்சா ஆகாதா?"

"கரையில வச்சா சுனாமி வந்தப்புறம்தான்பா தெரியும்."

"வந்தா தெரியாமலா போவும்?" என்றார் நமச்சிவாயம்.

சின்னக் காஞ்சிபுரத்தில் பேனர் வைக்கவில்லை. அங்கே அந்த வேலையைப் பெரியப்பாவின் வாயே செய்துவிடும். அச்சுத்தின் பெரியப்பா கிருஷ்ணஸ்வாமி பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்து வீட்டுக்காரர், கோயில் கைங்கரிய சபையின் காரியதரிசி. அவருடைய பிள்ளை ஸுதர்சன் பத்து வருஷமாக ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். உலகத்தில் எந்த விஷயத்தை எடுத்தாலும் அது ஹூஸ்டனில் போய்த்தான் முடியும். இந்தத் தடவை மட்டும் அவர் தம்பி பிள்ளையைப் பற்றிப் பேசினார். "எங்காத்துப் பையன் ஷிப்ல போறான், கவர்மென்ட் ஷிப், சும்மா இல்லை" என்று சன்னதித் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டை விட்டுப் புறப்பட நல்ல நேரம் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். இது முக்கியம். பின்னால் அவர் இதை மறந்துவிட்டார்.

பூமா புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய், அப்பளம் என்று ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். "கப்பல்ல எதை எதோட சமைக்கிறாளோ. சாதம் மட்டும் வாங்கிக்கோ" என்றாள்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் குறித்த நேரத்தில் கிளம்பவில்லை. இயந்திரக் கோளாறு என்று அச்சுத் நினைத்தான். இல்லை, ராகுகாலம். கடலின் தரையில் ஒரு விரற்கடை நீர் ஏறினால்கூடக் கண்டுபிடிக்கிற கருவிகளை ஏற்றிவிட்டு, தலைமை விஞ்ஞானி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி டெக்கில் உலாத்திக்கொண்டிருந்தார். ராகுகாலம் முடிந்ததும் பூசணிக்காய் உடைத்தார்கள். கருவிகளுக்குச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். பிறகு அதே விஞ்ஞானி, சந்தனம் அழுத்த உணரியின் துளையில் போய்விடப் போகிறது என்று கத்தி, மாணவர்களைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார். அந்தப் பயணத்தில் மாணவர்கள் செய்த முதல் ஆராய்ச்சி அதுதான்.

இரண்டாவது ஆராய்ச்சி வாந்தி. கரை மறைந்ததும் எல்லோரும் குப்புற விழுந்தார்கள். புளிக்காய்ச்சலின் வாசனையைக் கண்டாலே அச்சுத்துக்குக் குடல் புரண்டது. உதயகுமார் மட்டும் இரண்டு வேளையும் மீன் குழம்பை வளைத்துக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பான்.

"இன்னா சாமி, பருப்புப்பொடி துண்ணுறியா?"

"போடா."

"உங்க பெருமாளு எப்டிதான் இதுல பாம்பு மேல படுத்துக்கினு தூங்குறாரோ. எனக்கே தலை சுத்துது."

எழுந்து நிற்க முடிந்ததும் வேலை வந்தது. கீழே இருக்கும் கருவி சொல்வதைக் கரைக்கு அனுப்புவதற்காக மேலே மிதக்கிற மிதவையைக் கிரேனில் தூக்கி டெக்கில் போட்டார்கள். ஒரு வருஷத்துச் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு நாறியது. அதைக் கரண்டியால் சுரண்டுவது மாணவர்களுடைய பங்கு. சுரண்டுகிறபோது படம் எடுத்துக்கொண்டார்கள். கருவியின் பெட்டியை மூடும் ரப்பர் வளையத்துக்குப் பசை தடவுவதும் அவர்களுடைய பங்குதான். அதில் ஒரு முடி ஒட்டினாலும் அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்த தலைமை விஞ்ஞானி, நிமிர்ந்து அச்சுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"தம்பி, என்ன இது தலையில? நீ தள்ளி நில்லு. இன்னும் தள்ளி."

துண்டால் தலையை இறுகக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவனை வளையத்துக்குப் பக்கத்தில் விட்டார்கள்.

கடலடிக் கருவியைக் கூப்பிடுகிற முறை அச்சுத்துக்குப் பிடித்திருந்தது. கப்பலிலிருந்து தண்ணீருக்குள் ஒரு சத்தம் அனுப்புவார்கள். கீழே இருக்கும் கருவி அதைக் கேட்டுத் தன் குரலில் பதில் கொடுக்கும். பிறகு 'விடு' என்று இன்னொரு சத்தம். கருவி தன்னைத் தரையோடு பிடித்துவைத்திருக்கும் இரும்புக் கட்டையைக் கழற்றி விட்டுவிட்டு மிதந்து வரும். பதிலைக் கேட்கிற ஹெட்ஃபோனை ஆளுக்கொரு முறை கொடுத்தார்கள். பாசுரம் சேவிக்கிறவனுக்குக் காது கூர்மையாகத்தானே இருக்கும் என்ற கர்வத்தோடு அச்சுத் வாங்கி மாட்டிக்கொண்டான். சத்தம் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"வந்துடுத்து! சார், பதில் வந்துடுத்து!"

'விடு' என்று அனுப்பினார்கள். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலா பக்கமும் கடலைப் பார்த்து நின்றார்கள். வெயில் ஏறியது. கண் பூத்தது. ஒன்றும் வரவில்லை. கடைசியில் தலைமை விஞ்ஞானியே ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தார்.

"நாம அனுப்பின சத்தம்தான்யா தரையில பட்டுத் திரும்பி வருது."

"நீ கத்துனதையே நீ கேட்டுக்கினு பதில் வந்துச்சின்றியா?" என்றான் உதயகுமார். அன்றிலிருந்து அவனுக்குக் கப்பலில் 'அசரீரி' என்று பெயர்.

இடத்தை மாற்றி, மறுநாள் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை நிஜமாகவே பதில் வந்தது. கருவியை மிதக்க வைக்கிற, மஞ்சள் ஓட்டுக்குள் அடைத்த கண்ணாடி உருண்டைகள் தூரத்தில் குபுக்கென்று தலை நீட்டின. டெக்கில் இறக்கியதும் அச்சுத் கருவியின் மேல் கையை வைத்தான். ஐஸ் மாதிரி இருந்தது. அந்த வெயிலில், அந்த உப்புப் புழுக்கத்தில், அவ்வளவு குளிர்ச்சி எங்கிருந்தோ வந்திருந்தது. அதன்மேல் பாசியும் இல்லை, சிப்பியும் இல்லை. அங்கே கீழே எதுவும் ஒட்டுவதில்லை போல. கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தான். காலண்டரில் பெருமாளுக்கு அடிக்கிற நீலம் அங்கே கிடையாது. மையைக் கொட்டினது போல, உள்ளுக்குள் வெளிச்சம் இருக்கிற ஒரு கருப்பு. கடல்வண்ணன் என்ற சொல்லை எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். நிறத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடல் என்று வருகிற பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மெதுவாகச் சேவித்துக்கொண்டு நின்றான். உதயகுமார் வந்தான், பார்த்தான், அதிசயமாக ஒன்றும் சொல்லாமல் போனான்.

கப்பல் எந்தத் தேசத்தையும் தொடவில்லை. கிளம்பின துறைமுகத்துக்கே திரும்பி வந்தது. மாணவர்கள் ஆரஞ்சு நிறச் சட்டையில் கருவியைச் சுற்றி நின்ற படம் செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது. கிருஷ்ணஸ்வாமி அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தார். "நடுவுல துண்டு கட்டிண்டு நிக்கறான் பாருங்கோ, அவன்தான்."

வைகாசியில் உற்சவம் வந்தது. ஸுதர்சன் ஹூஸ்டனிலிருந்து வந்தான். காரில் ஆபீஸ் போகும்போது சி.டி. போட்டுக் கேட்டே நிறையப் பாடம் பண்ணிவிட்டதாகச் சொன்னான். உற்சவத்தில் கோஷ்டியில் நிற்க ஆசைப்பட்டான். பின்வரிசையில் நின்றால் வீடியோவில் முகம் விழாது. முதல் வரிசையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் கிருஷ்ணஸ்வாமிக்கு மூத்தவர்கள். வலது கோடியில் இருந்தவன் மட்டும் தம்பி பிள்ளை.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் அவருக்குத் திடீரென்று சாஸ்திரம் ஞாபகம் வந்தது. சமுத்திரத்தில் கப்பல் ஏறிப் போனவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சபையில் கேட்டார். தனக்கு ஒன்றும் இல்லையாம், நாளைக்கு யாராவது கேட்டால் காரியதரிசி என்ற முறையில் பதில் சொல்ல வேண்டுமாம். சட்டைப் பையில் இருந்த படம் சபைக்குச் சாட்சியாக வந்தது.

அச்சுத் சிரித்தான். முதலில் அதை யாரும் தீவிரமாகச் சொல்வார்கள் என்றே அவன் நம்பவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. அவர் அவனைக் கூடத்துக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஒரே ஒரு வார்த்தைடா. கப்பல் ஹார்பர்லயே நின்னுண்டிருந்தது, நான் அங்கயே இருந்து மிஷினைத் தொடச்சேன்னு சொல்லிடு. படத்துல தண்ணியே தெரியலை. நான் பாத்துட்டேன்."

"பொய்ப்பா."

"இடம் போயிடும்டா."

அந்த வார்த்தை வேலை செய்தது. அச்சுத்துக்குக் கோபம், ஏளனம் எல்லாம் இருந்தன. ஆனால் முதல் வரிசையின் அந்த வலது கோடி இல்லாத வைகாசியை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரி, சொல்கிறேன் என்றான். நிஜமாகவே சொல்லத்தான் போனான்.

கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். கிருஷ்ணஸ்வாமி மிகுந்த வருத்தத்தோடு பேசினார். அவ்வளவு வருத்தப்படுகிறவர் எதற்காக இந்தப் பேச்சை எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அச்சுத் எழுந்தான். "கப்பல் ஹார்பர்ல..." என்று ஆரம்பித்தான். அதற்குள் தூணோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் கேட்டுவிட்டார்.

"அது கிடக்கட்டும் கிருஷ்ணஸ்வாமி. உம்ம பிள்ளை அமெரிக்காவிலேர்ந்துதானே வந்திருக்கான்? அவன் எப்படி நிக்கலாம்?"

கிருஷ்ணஸ்வாமி இதற்குத் தயாராகவே வந்திருந்தார்.

"நன்னா கேட்டேள். சாஸ்திரத்துல 'நௌ'ன்னு போட்டிருக்கு. நௌன்னா ஓடம், கப்பல். அதுல ஏறிச் சமுத்திரத்துல போனவனைத்தான் சொல்லியிருக்கு. ஏரோப்ளேனைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஏரோப்ளேன் ஆகாசத்துல போறது. ஆகாசத்துக்குத் தோஷமே கிடையாது. ஸுதர்சன் கால்ல ஒரு சொட்டு சமுத்திர ஜலம் பட்டிருக்குமா? படலை."

"பத்து வருஷம் அங்கயே இருந்திருக்கானே ஐயா?"

"இருக்கறதைப் பத்தி இங்க யார் பேசறா? போறதைப் பத்தின்னா பேச்சு!"

தலைகள் ஆடின. அது நியாயமான பேதம் என்று அந்தத் தலைகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்; சபையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருடைய பிள்ளைகள் ஏரோப்ளேனில் போனவர்கள். அச்சுத்தின் அப்பா அவனைப் பார்த்தார். உட்காராதே, ஆரம்பித்ததை முடித்துவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். அச்சுத் வாயைத் திறந்தான்.

"அப்போ பெரியப்பா, கப்பல்ல ஏறாம தண்ணிக்கு மேல பறந்து போயி அந்த மிஷினைத் தூக்கியிருந்தா நான் சுத்தம். அப்படித்தானே?"

"அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பெருமாளே பாற்கடல்லதான் படுத்துண்டிருக்கார். அவரை எந்தச் சபையில கூப்பிட்டு விசாரிச்சேள்? அவர் என்னிக்குக் கரைக்கு வந்து பஞ்சகவ்யம் சாப்ட்டார்?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமுவது போலப் பாவனை செய்தார். மற்றபடி மண்டபம் அசையவில்லை. கிருஷ்ணஸ்வாமி ரொம்ப மெதுவாக, பாங்க் கவுன்ட்டரில் பேசுகிற குரலில் கேட்டார்.

"அப்போ சமுத்திரத்துல போனியா, போகலையா?"

"போனேன்" என்றான் அச்சுத்.

பிராயச்சித்தம் உண்டா என்று அவன் அப்பா கேட்டார். பிராயச்சித்தம் செய்துகொண்டாலும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றுதான் அதே இடத்தில் போட்டிருக்கிறது என்றார் கிருஷ்ணஸ்வாமி. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் சுண்டல் வந்தது. அச்சுத்துக்கும் ஒரு தொன்னை கொடுத்தார்கள்; சுண்டலுக்குத் தோஷம் ஒட்டாது போலிருக்கிறது.

உதயகுமாருக்கு விஷயம் தெரிந்ததும் பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வந்தான். "எங்க தெருவுல இன்னும் பேனரை அவுக்கலபா. உங்க தெருவுல உன்னையே அவுத்துட்டாங்களா?" என்றான். அச்சுத் அதற்குச் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்ததை உதயகுமார் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உற்சவத்தன்று அச்சுத் வீதி ஓரத்தில், பட்டுக்கடைப் படிக்குக் கீழே, ஜனங்களோடு நின்றான். கோஷ்டி வந்தது. வலது கோடியில் ஸுதர்சன், வீடியோக்காரனுக்கு நேராக. நன்றாகத்தான் சேவித்தான், சி.டி.யில் இருக்கிற அளவுக்கு. ஒரே மாதிரி ஆரம்பிக்கும் இரண்டு பாட்டுகள் வருகிற இடத்தில் முதல் பாட்டின் தலையில் இரண்டாவது பாட்டின் வாலைச் சேர்த்துவிட்டான். பின்வரிசையில் பாதிப் பேர் அதை வாங்கினார்கள், பாதிப் பேர் சரியானதைச் சொன்னார்கள், பிறகு இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று கேட்டுப் பயந்து நின்றன. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார். பெருமாள் அசையாமல் காத்திருந்தார். விட்ட அடியைத் தெரிந்தவர் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். தெரிந்தவன் பட்டுக்கடை வாசலில் நின்றான். கடைசி வரிசையிலிருந்து அப்பா அவனைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

அச்சுத் உதட்டை இறுக்கிக்கொண்டான். அந்த நிமிஷம் அவனுக்கு எவ்வளவு இனித்தது என்பதைப் பின்னால் உதயகுமாரிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். கோஷ்டி அந்தப் பாட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியது.

சாயங்காலம் கிருஷ்ணஸ்வாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அங்கதானே நின்னுண்டிருந்தே? எடுத்துக் குடுத்திருக்கப்படாதா?"

"சமுத்திரத்துல போன வாய் பெரியப்பா. பாட்டு நனைஞ்சுட்டா?"

ரொம்ப நாள் கழித்து மனசார ஜெயித்த சந்தோஷத்தோடு வீட்டுக்குள் போனான். பூமா அவனுக்குச் சாதம் போட்டுக்கொண்டே, சமையல் பேச்சு மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தப் பாட்டு உங்க பெரியப்பாவோடதாடா?"

அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். நாக்குக்காகவே ஊரில் கெட்ட பெயர் வாங்கியவனுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

படிப்பு முடிந்து வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கப் போனான். பஸ்ஸில் நின்றுகொண்டே பாசுரம் சொல்வான்; பக்கத்தில் இருப்பவர்கள் பையனுக்கு ஏதோ கோளாறு என்று நகர்ந்து உட்காருவார்கள். குடுமியை எடுக்கவில்லை. இடம்தான் போய்விட்டதே, இனி எதற்கு என்று பெரியப்பா வீட்டில் கேட்டார்கள். முடி வளர்க்கச் சபையில் அனுமதி வாங்க வேண்டும் என்று தெரியாது என்றான்.

அடுத்த வைகாசியில் ஸுதர்சனுக்கு லீவு கிடைக்கவில்லை. வலது கோடிக்குக் கிருஷ்ணஸ்வாமியே வந்தார். பிள்ளை திணறிய அதே இரட்டைப் பாட்டில் அவரும் திணறினார். எடுத்துக் கொடுக்கக்கூடிய மூத்தவர்களில் இரண்டு பேர் அந்த வருஷம் படுக்கையில் இருந்தார்கள். கோஷ்டி நின்றது. வீதி ஓரத்திலிருந்து, ஜனங்களின் தலைகளுக்கு மேலாக, சரியான அடி வந்தது. உரக்க, அவசரமில்லாமல், ஒரு எழுத்து கூடக் குறையாமல். கிருஷ்ணஸ்வாமி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டார். அவர் வாங்கியதும் வரிசைகள் எல்லாம் வாங்கின. கோஷ்டி நகர்ந்தது, கூடவே அச்சுத்தும் வீதி ஓரத்திலேயே நடந்தான். மாடு, தள்ளுவண்டி, பலூன்காரன் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு, வீதி முனை வரை நடந்து, தேவைப்பட்ட இடத்திலெல்லாம் எடுத்துக் கொடுத்தான். உற்சவம் முடியும் வரை தினமும் இப்படித்தான்.

சபையில் இதைப் பற்றியும் பேச்சு வந்ததாம். வரிசைக்கு வெளியிலிருந்து வருவதை ஏற்றுக்கொள்ளலாம் என்று காரியதரிசியே சமாதானம் சொல்லிவிட்டார். ஆள்தான் உள்ளே வரக் கூடாது. குரல் வரலாம்.

அச்சுத் இதைக் கேட்டு ஏதாவது சொல்லியிருப்பான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அவன் அம்மாவிடம் மட்டும், "வெளியிலேர்ந்து சொன்னா தொண்டையை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கு. மிளகு ரசம் வை" என்றானாம்.

இந்த மாசியில் போய்விட்டான். இறுதி யாத்திரைக்குக் கோஷ்டி வந்தது. சபையே திரண்டு வந்து, அவனுக்கு முன்னால் வரிசையாக நின்று சேவித்தது. போனவனுக்குத் தோஷம் கிடையாதாம். அந்த இடத்தில் அவனுக்குப் பதில் பேச வாய் இருந்திருந்தால் தெருவே சிரித்திருக்கும். நமச்சிவாயம் மட்டும் ஒரு ஓரமாக நின்று, "இன்னா கொரலுபா அந்தப் புள்ளைக்கு" என்று யாரிடமோ சொல்லி அழுதார். அவர் ஒருவர் சொன்னதுதான் நிஜமான வார்த்தை.

வைகாசி வந்தது. தீட்டு வருஷம் என்பதால் அவன் அப்பா கோஷ்டிக்குப் போகவில்லை. பெருமாள் வந்தார், மேளம் வந்தது, வலது கோடியில் கிருஷ்ணஸ்வாமி வந்தார். அந்த இரட்டைப் பாட்டு வருகிற இடத்தில் முதல் அடியைச் சொன்னார். இரண்டாவது அடி வரவில்லை. வாயை மூடிக்கொண்டு முகத்தை வீதி ஓரத்தின் பக்கம் திருப்பினார். பட்டுக்கடைப் படியில் பலூன்காரனும் ஐஸ் வண்டிக்காரனும் நாலு குழந்தைகளும் நின்றார்கள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வரிசைகளும் அவர் பார்த்த பக்கமே பார்த்தன.

பிறகு அவர் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.